கழிவே இல்லாத அறை

அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக்ரான் அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காகப் போட்டு, அதில் இருபது பங்கு கனத்துக்குச் செம்பு இருக்கிறதா இல்லையா என்று பத்தொன்பது வருடமாகச் சண்டை பிடிக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கேன்டீனில் பரிமாறுகிறவர் கை கொஞ்சம் சுருங்கினால், "அக்கா, உங்க மைக்ரோஸ்கோப்ப எடுத்துட்டு வாங்க, தட்டுல சோறு எங்க இருக்குன்னு தேடணும்" என்று யாராவது கத்துவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அங்கே செய்வது சர்க்யூட் போர்டு. பாகங்கள் எதுவும் பொருத்தாத வெறும் பச்சைப் பலகை. ஒரு பலகைக்குள் எட்டு அடுக்குச் செம்புக் கோடுகள் படுத்திருக்கும். மேலிருந்து கீழ்வரை மெல்லிய ஓட்டைகள் துளைத்து, அவற்றின் உள்சுவரில் செம்பு பூசினால்தான் ஓர் அடுக்குக்கும் இன்னோர் அடுக்குக்கும் பேச்சுவார்த்தை. ஓட்டைக்குள் என்ன நடந்தது என்று வெளியே இருந்து பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ஒரு சின்னத் துண்டைச் சேர்த்தே செய்வார்கள். கூப்பன் என்று பெயர். பலகை படுகிற பாடெல்லாம் அதுவும் படும். கடைசியில் அதை மட்டும் வெட்டி, பிசினில் வார்த்து வில்லையாக்கி, ஓட்டையின் நடுவயிறு தெரியும்வரை தேய்த்து, கண்ணாடிபோல் பாலிஷ் போட்டுப் பார்ப்பது அக்காவின் வேலை. அவள் ‘நல்லது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த லாட், அதாவது சேர்ந்து செய்த அந்தத் தொகுதி, பெட்டியில் ஏறும். வில்லைகளைத் தூக்கிப் போடுவதில்லை. லாட் எண்ணும் தேதியும் கீறி, இழுப்பறைகளில் வருடக்கணக்காக அடுக்கி வைத்திருப்பாள்.

அவள் அறைக் கதவின் உள்பக்கம் ஓர் அட்டை தொங்கும். புதிதாக வருகிறவர்கள் வேலைச் சொற்களைக் கேட்டுத் திருதிருவென்று விழிக்கிறார்கள் என்று, ஒவ்வொரு பிரிவும் தன் சொற்களுக்குப் புரிகிற மாதிரி அர்த்தம் எழுதி ஒட்ட வேண்டும் என ஒருமுறை உத்தரவு வந்தது. மற்ற பிரிவுகள் புத்தகத்தைப் பார்த்து எழுதி ஒட்டின. அக்கா தன் கையால், தன் பாஷையில் எழுதினாள். ‘கூப்பன்: பலகையோடு பிறந்து பலகைக்காகச் சாகிற துண்டு.’ ‘பாலிஷ்: செம்பு உன்னை ஏமாற்றத் தயாராகும் நேரம்.’ அதற்கடுத்த வரி: ‘எட்ச்: பாலிஷ் போட்ட செம்பின் மேல் ஒரு சொட்டு மருந்து, மூன்று எண்ணும் நேரம். இதைச் செய்யாமல் எதையும் நல்லது என்று எழுதாதே.’

காரணம் இருந்தது. செம்பு மெத்தென்ற உலோகம். தேய்க்கத் தேய்க்க இழுபட்டு, பக்கத்தில் இருக்கும் விரிசலைத் தானே மூடிவிடும். பாலிஷ் போட்டவுடன் பார்த்தால் எல்லா ஓட்டையும் உத்தமமாகத்தான் தெரியும். அம்மோனியாவும் பெராக்சைடும் கலந்த மருந்தைப் பஞ்சில் நனைத்து ஒரு தடவு தடவிக் கழுவினால், அந்தப் பூச்சு கரைந்து, ஒளிந்திருந்தது வெளியே வரும். உள் அடுக்கும் ஓட்டைச் சுவரும் சேரும் இடத்தில் மெல்லிய ரேகை தெரிந்தால் நல்லது. கண்மை தீட்டினாற்போல் கறுப்பாகத் தெரிந்தால் அந்த லாட் குப்பைக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தர மேலாளர் கூட்டம் போட்டார். மேசை மேல் நான்கு பச்சைப் பலகைகளும் ஒரு கடிதமும் இருந்தன. பச்சைக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் ஆஸ்பத்திரிப் பெட்டிகளுக்குப் போன பலகைகள் அவை. ஆறு மாதத்துக்கு முந்தைய லாட்.

"மூணு எடத்துல மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே நின்னிருக்கு" என்றார் மேலாளர். "சூடு இல்ல, அலாரமும் அடிக்கல. ரெண்டு எடத்துல நர்ஸ் கவனிச்சுக் கொழந்தைய எடுத்துட்டாங்க. மூணாவது எடத்துல கொஞ்சம் லேட்டாயிருச்சு."

"லேட்டுன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"எழுதல."

அவள் கடிதத்தை வாங்கித் தானே பார்த்தாள். உண்மையாகவே எழுதவில்லை. ‘தாமதமாகக் கவனிக்கப்பட்டது’ என்பதோடு அந்தப் பத்தி முடிந்து, அடுத்ததில் லாட் எண்கள் ஆரம்பித்தன.

ஓட்டைச் சுவர் உள் அடுக்கிலிருந்து விட்டுப்போயிருக்கிறது என்று வாடிக்கையாளர் கண்டுபிடித்திருந்தார். ஏன் விட்டுப்போனது என்று மேலாளருக்குச் சந்தேகமே இல்லை. ஏழு மாதத்துக்கு முன்புதான் கழுவுத் தொட்டிகளில் மறுசுழற்சித் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு வருடக்கணக்காக ஒரு புகாரும் இல்லை. "கழிவுத் தண்ணியில கழுவினா வேற என்ன ஆகும்?" என்று அவர் கேட்டபோது, எல்லாருடைய தலையும் மேசையின் கோடிக்குத் திரும்பியது. அங்கே சுத்திகரிப்புப் பிரிவின் பொறுப்பாளர் உட்கார்ந்திருந்தான். அக்காவின் கூடப்பிறந்த தம்பி. முகத்தில் ஈயாடவில்லை.

அந்தத் தண்ணீர்த் திட்டம் அவன் பெற்ற பிள்ளை மாதிரி. தொழிற்சாலை நாளெல்லாம் பூமியை உறிஞ்சி உறிஞ்சி, பின்னால் இருக்கும் தெருக்களில் குழாய் காற்றை மட்டும் கக்கிக்கொண்டிருந்த காலம் அது. தொட்டிகளைக் கழுவி வரும் தண்ணீரிலிருந்து செம்பைக் கசடாகப் படியவைத்துப் பிரித்து, மிச்சத்தை வடிகட்டித் திரும்ப உள்ளேயே அனுப்பலாம் என்று அவன் வருடக்கணக்கில் மன்றாடிக் காரியத்தைச் சாதித்தான். ஆழ்குழாய் மூன்றில் இரண்டை மூடிவிட்டார்கள். அக்கா குடியிருக்கும் தெருவிலேயே இப்போது காலையில் தண்ணீர் ஏறுகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் குடத்தை நிரப்பும் போதெல்லாம், "ஒந்தம்பி நல்லா இருக்கணும்" என்பாள்.

"வெள்ளிக்கெழமையோட மறுசுழற்சிய நிறுத்தறோம். பழைய ஆழ்குழாயத் தெறந்து விடுங்க" என்றார் மேலாளர். "திட்டத்தக் கொண்டுவந்தவங்க மேல விசாரணை இருக்கும்."

தம்பி தண்ணீரின் சோதனைத் தாள்களை வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தான். அவற்றைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போனான்.

அறைக்குத் திரும்பிய அக்கா நேராக இழுப்பறையைத் திறந்தாள். ஆறு மாதத்துக்கு முந்தைய அந்த லாட்டின் வில்லை இருந்தது. அவள் கையெழுத்துத்தான். மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். பளபளவென்று, ஒரு குறையும் இல்லாத ஓட்டை. சேருமிடத்தில் ரேகையே இல்லை. நல்ல ஓட்டையில்கூட மெல்லிய ரேகை ஒன்று இருக்க வேண்டும். ரேகையே இல்லையென்றால் எட்ச் போடவில்லை என்று அர்த்தம்.

மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. நன்றாக ஞாபகம் இருந்தது.

பத்து மாதத்துக்கு முன்பு தம்பி சோதனை ஓட்டம் ஆரம்பித்திருந்தான். தண்ணீர் இன்னும் தொட்டிகளுக்குப் போகவில்லை; சுத்திகரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் இந்த அறைக்கு வந்து, கைகழுவும் தொட்டியைக் காட்டி, "அக்கா, ஒனக்குக் கோடிப் புண்ணியம், ஒன்னோட அம்மோனியாவ மட்டும் இதுல ஊத்தாத. அது செம்பக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுக் கீழ படியவே விடாது. இந்தா, இதுல சேத்து வை, வாராவாரம் நானே வந்து எடுத்துக்கறேன்" என்று ஒரு வெள்ளைக் கேனை வைத்துவிட்டுப் போனான்.

அவன் கேட்டது அவ்வளவுதான். ஒரு கேன். ஆனால் அந்த வாரம் வெளியிலிருந்து அதிகாரிகள் வந்து தண்ணீரைப் பிடித்துப் போக இருந்தார்கள். தம்பி சரியாகத் தூங்காமல் கண்கள் சிவந்து திரிந்தான். பஞ்சைக் கழுவும்போது ஒரு சொட்டு தவறிக் குழாயில் போய், அதனால் அவன் சோதனை எண் கெட்டுவிட்டால்? இந்த வாரம் மட்டும் எட்ச் வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். பத்தொன்பது வருடக் கண், பாலிஷிலேயே தெரியாதா என்ன? அதிகாரிகள் பிடித்துப் போன தண்ணீர் பிரமாதமாகத் தேறியது. நடப்பது நன்றாக நடக்கிறதே, அதைக் கலைப்பானேன் என்று அடுத்த வாரமும் விட்டாள். அப்புறம் அந்த மருந்துப் புட்டி அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டது. எந்தத் தப்பும் முதல் நாளில் தப்பு மாதிரி இருப்பதில்லை. இவளுடையது பாசம் மாதிரி இருந்தது.

மூன்று மாதம் கழித்து அவள் அறைக்கு ஒரு சான்றிதழ் வந்தது. வாரவாரம் ஒவ்வொரு பிரிவின் கழிவையும் எடை போட்டதில், தொடர்ந்து திரவக் கழிவே இல்லாத ஒரே அறை இதுதானாம். தம்பியே சட்டம் போட்டுக் கொண்டுவந்து ஆணி அடித்து மாட்டினான். அக்கா அந்தச் சுவரில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

அன்று மாலை தம்பியின் மனைவி வந்தாள். அடுத்த வீடுதான். "அண்ணி, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. வந்ததுலேருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. குழாயத் தெறந்து விட்டுட்டு அதையே பாத்துட்டு நிக்கிறாரு."

அக்கா போனாள். தம்பி சமையலறைக் குழாய்க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஏழு வயது இளையவன். இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை இப்போது அவளைவிட ஒரு முழம் உயரம்.

"ஒருவேள தண்ணிதான் காரணமோ, அக்கா?" என்றான். "நான் பாத்த எண்ணெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நான் பாக்காத ஏதோ ஒண்ணு இருந்திருந்தா? அந்த மூணாவது கொழந்த..."

"சாப்புடு" என்றாள். கை நீட்டிக் குழாயை மூடினாள்.

விடிந்ததும் போய் முதல் ஆளாக அறையைத் திறந்தாள். முழு இரவும் அவள் கணக்குப் போட்டது இதுதான். தண்ணீர் தொட்டிகளுக்குப் போனது ஏழு மாதத்துக்கு முன்பு. அவள் எட்ச்சை நிறுத்தியது பத்து மாதத்துக்கு முன்பு. நடுவில் மூன்று மாதத்து வில்லைகள் பழைய தண்ணீரில் கழுவிய பலகைகளுடையவை. அவற்றையும் அவள் எட்ச் போடவில்லை. அவற்றிலும் கறுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் குற்றவாளி இல்லை. தம்பி தப்பிப்பான். ஆனால் அப்போது, கோடு இருந்த மூன்று மாதப் பலகைகளையும் சேர்த்து ‘நல்லது’ என்று அனுப்பியவள் இவள் என்று ஆகும். கோடு இல்லையென்றால் தண்ணீர்தான் காரணம். அதைத் தடுத்திருக்க வேண்டியவளும் இவள்தான். எப்படிப் புரட்டினாலும் அவள் தலை உருளும். தம்பியின் தலை மட்டும்தான் சந்தேகத்தில் இருந்தது.

புட்டியைப் பின்வரிசையிலிருந்து எடுத்தாள். தனியாக ஒரு வில்லையைப் போட்டுப் பார்த்துவிடலாமா என்று கை பரபரத்தது. தனியாகப் பார்த்தால் அப்புறம் பூசி மெழுகத் தோன்றும் என்று அவளுக்கே தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது. புட்டியை மேசை மேல் வைத்துவிட்டு மேலாளருக்குப் போன் செய்தாள். தம்பியையும் கூட்டி வரச் சொன்னாள்.

இருவரும் வந்தார்கள். தம்பி வாராந்திரக் கழிவுப் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்திருந்தான். விசாரணை என்றதும் கேட்பார்கள் என்று அதை விட்டுப் பிரியாமல் திரிந்தான் போலிருக்கிறது.

"இது திரும்பி வந்த லாட்டோட வில்லை" என்றாள். புது மருந்து கலந்து, பஞ்சை நனைத்துத் தடவி, மூன்று எண்ணிக் கழுவினாள். கழுவிய தண்ணீரைக் கேனில் பிடித்தாள். வில்லையை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் அதன் திரையில் ஓட்டை பெரிதாக வந்து நின்றது. பளபளப்பு மங்கியிருந்தது. உள் அடுக்கு ஒவ்வொன்றும் சுவரைத் தொடும் இடத்தில் மை தீட்டிய மாதிரிக் கறுப்பு.

மேலாளர் தலையை ஆட்டினார். "அதான் சொன்னேனே."

"இன்னொண்ணு இருக்கு. இது தண்ணி மாத்தறதுக்கு ரெண்டு மாசம் முந்தி செஞ்சது." வில்லையின் தேதியை அவர் கண்ணெதிரே காட்டிவிட்டுத் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கழுவித் துடைத்து வைத்தாள்.

கறுப்புக் கோடு.

தம்பி திரைக்கு அருகில் போய் விரலை வைத்தான். "இது பிசின்" என்றான் மெதுவாக. "ஓட்ட போடற ட்ரில் சூட்டுல பலகையிலேருந்தே உருகி ஒட்டிக்கிட்ட பிசின். செம்பு பூசறதுக்கு முந்தி ஊதா மருந்துத் தொட்டியில அது கரைஞ்சிருக்கணும். கரையல. தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவன் சொன்னது சரி என்று பிற்பாடு தெரிந்தது. ஊதா மருந்துத் தொட்டியில் இரண்டு ஹீட்டர்களில் ஒன்று எரிந்துபோயிருந்தது. வெப்பமானி வேலை செய்கிற ஹீட்டரின் பக்கத்தில் தொங்கியதால் சூடு சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் மேலாளரின் மனம் ஹீட்டரில் இல்லை. அவர் கதவின் உள்பக்க அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமாகவே படித்தார்: "இதைச் செய்யாமல் எதையும் நல்லது என்று எழுதாதே." பிறகு திரும்பி, "இது உங்க எழுத்துதானேம்மா? எத்தன நாளா செய்யல?" என்றார்.

"பத்து மாசமா."

"ஏன்?"

இந்தக் கேள்விக்குப் பதிலை அவள் வழியிலேயே தயார் செய்துவிட்டாள். "சோம்பேறித்தனம் சார்" என்றாள். "வேல ஜாஸ்தி. பாலிஷே போதும்னு நெனச்சிட்டேன்."

மேலாளர் நம்பினார். பத்தொன்பது வருடம் ஒரே வேலையைச் செய்தால் யாருக்கும் அலுக்கும் என்று நினைத்திருப்பார். தம்பி நம்பவில்லை. அக்கா சோம்பேறி என்று யார் சொன்னாலும் நம்பாதவன் அவன். கக்கத்திலிருந்த பதிவேட்டை மேசையில் வைத்துப் பிரித்தான். அவள் அறைக்கான கட்டத்தில், பத்து மாதத்துக்கு முன்புவரை, எடை போடவில்லை என்பதற்கு வெறும் கோடு. அப்புறம் பூஜ்யம். அதற்குக் கீழே பூஜ்யம். பக்கம் பக்கமாக, அவன் கையாலேயே, குண்டு குண்டாக எழுதிய பூஜ்யங்கள். முதல் பூஜ்யத்தின் தேதிக்கு முந்தின நாள்தான் அவன் கேனைக் கொண்டுவந்து வைத்தது.

அவன் நிமிர்ந்து கேனைப் பார்த்தான். இன்று பிடித்த இரண்டு வாய்த் தண்ணீரைத் தவிர அது புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. பிறகு சுவரில் தான் மாட்டிய சான்றிதழைப் பார்த்தான்.

"நான் ஊத்தாதன்னுதானேக்கா சொன்னேன்" என்றான். "செய்யாதன்னு சொல்லலியே."

"நீ சொல்லலடா. நானாத்தான்."

"வாராவாரம் இந்தக் கேனத் தூக்கிப் பாத்தேன். காலியா இருந்துச்சு. எட்ச் போட்டா இதுல ஏதாவது இருக்கணும்னு எனக்குத் தெரியாதா? பூஜ்யம் எழுதும்போதெல்லாம் சந்தோஷப்பட்டேன்க்கா. கைதட்டி மாட்டினேன் இத." ஆறடி மனிதன் மேலாளர் முன்னாலேயே அழுதான். அக்காவுக்கு அவனைத் தொடக் கை வரவில்லை. கையெல்லாம் மருந்து.

மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எத்தன லாட்?" என்றார் கடைசியில்.

"ஆஸ்பத்திரிக்குப் போனது மட்டும் இருபத்தாறு. எல்லாத்தையும் திருப்பிக் கேக்கணும் சார். இன்னிக்கே. ஏன்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க."

கடிதம் அன்று மதியமே போனது. பழைய குழாயைத் திறக்கும் உத்தரவு கிழிபட்டது. அக்காவின் கையெழுத்து உரிமையைப் பறித்தார்கள். பக்கத்துப் பிரிவுப் பெண் வந்து கையெழுத்துப் போட்டாள். விசாரணை முடியும்வரை, பத்து மாதத்து வில்லைகள் அத்தனையையும் சாட்சிகள் முன்னால் அக்காவே மறுபடி எட்ச் போட வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போய்விடலாம். அவள் எதையும் மறுக்கவில்லை. மூன்றாவது குழந்தை என்ன ஆனது என்று கேட்டுத் தன் பெயரில் ஒரு கடிதம் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

சனிக்கிழமை தம்பி தராசோடு வந்தான். சான்றிதழ் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. மேசையில் நூற்றுச் சொச்சம் வில்லைகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து கிடந்தன. கோடு இல்லாதவை ஒரு வரிசை, இருப்பவை ஒரு வரிசை. எது நீளம் என்று அவன் பார்க்காமல் இருக்க முயன்றான்.

கேனைத் தூக்கினான். நீலமாகத் தளும்பியது. தராசில் வைத்து, குனிந்து எண்ணைப் படித்தான். பேனாவைத் திறந்தவன் கொஞ்ச நேரம் எழுதாமல் நின்றான்.

"ரெண்டு புள்ளி மூணு கிலோக்கா."

"நல்லாப் பாத்துட்டியா?"

இன்னொரு முறை குனிந்து பார்த்தான். "பாத்துட்டேன்."

"அப்ப எழுது" என்றாள் அக்கா. அவன் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த வில்லையை எடுத்தாள்.